வைஷாலிக்கு நினைவு திரும்பவில்லை

மூச்சு விடலாம். அதற்கு மட்டும் அனுமதி உண்டு. செத்தவளாகப் படுத்திருந்தால் அதுவும் கிடையாது, கோமா என்பதால் உனக்கு லாபம் என்று டைரக்டர் ஜெரால்டு சார் முதல் நாளே சொன்னார். மார்பு ஏறி இறங்கலாம், ஆனால் நீயாக விடுகிற மூச்சாகத் தெரியக்கூடாது, உன்னை யாரோ விடவைக்கிற மூச்சாக இருக்க வேண்டும் என்றார். அப்படித்தான் விட்டுக்கொண்டிருக்கிறேன். மூக்கையும் வாயையும் மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடியின் விளிம்பு கன்னத்தில் அழுத்துகிறது. உள்ளே என் மூச்சே திரும்பி வந்து என் முகத்தில் படுகிறது, காலையில் தின்ற பொங்கலின் மிளகு வாசனையோடு. வலது கையின் மேல் குளுக்கோஸ் குழாயை வைத்து பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறார்கள், ஊசி இல்லை, குழாய் எங்கேயும் போகவில்லை, ஆனாலும் பார்த்துப் பார்த்து அந்த இடத்தில் வலிக்கத் தொடங்கிவிட்டது. இடது முழங்காலுக்குக் கீழே அரிக்கிறது. அரிப்பை நினைக்காதே. நினைக்காதே என்று சொல்லிக்கொள்வதும் நினைப்பதுதான். வேறு எதையாவது நினை. எச்சில் ஊறுகிறது. விழுங்கினால் தொண்டை ஏறி இறங்குவது குளோசப்பில் தெரியும், கேமரா அந்தப் பக்கம் திரும்பும்போது விழுங்கிக்கொள் என்று சொல்லியிருக்கிறார்கள், ஆனால் கண் மூடியிருப்பவளுக்குக் கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்று எப்படித் தெரியும். லைட்டின் சூட்டை வைத்துக் கண்டுபிடிக்கிறேன். கன்னம் சுட்டால் நான், சுடாவிட்டால் அவர்கள். இப்போது சுடுகிறது. என் பெயர் மரகதம். வளசரவாக்கத்தில் இந்தப் பங்களாவுக்குள் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை, வைஷாலி என்கிறார்கள், சீரியலில் என் பெயர் அது. மாடிப்படியிலிருந்து உருண்டு விழுந்த மருமகள் வைஷாலி. ஆஸ்பத்திரி என்று எல்லோரும் நம்புகிற இந்த அறை ஒரு படுக்கையறை, திரைக்குப் பின்னால் அலமாரி இருக்கிறது, போன மாதம் இதே அறையில்தான் எனக்கு முதலிரவு எடுத்தார்கள். அப்போதும் நான் பேசவில்லை. தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு எனக்கு ஒரு முடிவு தெரிந்துவிடும். சேனல் மேடம் மத்தியானத்துக்கு மேல் வருகிறார். வைஷாலி எழுந்திருப்பதா போய்ச்சேருவதா என்று சொல்லிவிடுவார். போய்ச்சேர்ந்தால் நல்லது. போய்ச்சேர வேண்டும். இப்படிப் படுத்துக்கொண்டு ஒருத்தி தான் செத்துப்போக வேண்டும் என்று வேண்டிக்கொள்வதை அம்மா கேட்டால் வாயிலேயே அடிப்பாள்.

"உன்னை இந்த வீட்டுக்கு வேலைக்காரியா நெனச்சேன்" என்று சுகுமார் வாசிக்கிறார். அவர் உதவி டைரக்டர், கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வசனத்தை உரக்கப் படிப்பது அவர் வேலை, சந்தைக்கடையில் விலை சொல்வது மாதிரி ஏற்ற இறக்கம் இல்லாமல் படிப்பார், அதைக் கேட்டு ஆர்ட்டிஸ்ட் திருப்பிச் சொல்ல வேண்டும். இங்கே எடுக்கிற சத்தம் எதுவும் டிவியில் வராது, எல்லாம் பிறகு டப்பிங்கில் வேறு அறையில் ஏறுவது, அதனால் அவர் கத்தலாம், கேமராக்காரர் இருமலாம், வெளியே ஜெனரேட்டர் உறுமலாம். "உன்னை இந்த வீட்டுக்கு வேலைக்காரியா நெனச்சேன்" என்று ரமாமணி அம்மா கதறுகிறார். என் மாமியார். ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு இரண்டு தடவை வந்து விழுகிறது, ஒரு தடவை வெறும் கல்லாக, இன்னொரு தடவை அழுகை பூசின கல்லாக. "நீ போனா எனக்கென்னன்னு நெனச்சேன்." "நீ போனா எனக்கென்னன்னு நெனச்சேன்." போனால் எனக்கு நல்லது அத்தை, என்று உள்ளே பதில் சொல்லிக்கொள்கிறேன். எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன், வாய் மட்டும் அசைவதில்லை. "என்கூட ஒரு வார்த்தை பேசு வைஷாலி." எந்தக் குரலில் பேசட்டும் அத்தை, நான் பேசினால் அது நானாக இருக்காதே. சீரியலில் எனக்குக் குரல் கொடுக்கும் பெண்ணை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. மெல்லிய குரல், பாலில் நனைத்த மாதிரி. என் குரல் கொஞ்சம் தடிப்பு, கொஞ்சம் உயரம், திறந்த வெளியில் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்து பழகினது, இந்தச் சின்னப் பெட்டிக்குள் அடங்காது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஒரு நாள் பஸ்ஸில் ஒரு அம்மா என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார், நான் வணக்கம்மா என்றதும் பிடியைத் தளர்த்தி, "ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு, உடம்பு சரியில்லையா" என்று கேட்டார். ஆமாம்மா, சளி என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. இல்லை, அது லைட். லைட் இந்தப் பக்கம்தான் இருக்கிறது, விழுங்காதே. என் அம்மாவிடம் சொன்னபோது, "அந்தக் குரலே இருக்கட்டும்டி, அதுல நீ நல்ல குடும்பத்துப் பொண்ணு மாதிரி இருக்க" என்றாள். நல்ல குடும்பம். புதுக்கோட்டைப் பக்கம் திலகராணி என்றால் அம்மாவை எல்லோருக்கும் தெரியும், நாடக மேடையில் கதாநாயகி வேஷம் கட்டினவள். நான் காலேஜ் சேர முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கப் போனபோது, தாயார் தொழில் என்ன என்று தாலுகா ஆபீஸ் குமாஸ்தா கேட்டதற்கு அம்மா நாடகக் கலைஞர் என்று நிமிர்ந்து சொன்னாள், அந்த மனிதர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கூலி என்று எழுதினார். அம்மா சண்டை போடவில்லை. வெளியே வந்து, "அது எதுக்கு, அவனவன் ஒண்ணு நெனைப்பான், கூலின்னா கூலி" என்றாள். மேடையில் விடிய விடிய எதிர்த்து வாதாடுகிறவள், பகலில் ஒரு மேஜைக்கு முன்னால் வாயைத் திறக்கவில்லை. நானும் அப்படித்தான். பி.காம். வாய்மொழித் தேர்வில் பதில் தெரிந்தும் வாயடைத்து நின்றேன்.

ஆனால் மேடையில் அப்படி நிற்கவில்லை. அதுதான் எனக்குப் புரியவே இல்லை. எங்கள் நாடகத்துக்கு ஒத்திகை என்பது கிடையாது. ஒரு ஊரிலிருந்து ராஜா வேஷக்காரர் வருவார், இன்னொரு ஊரிலிருந்து பபூன் வருவார், ஆர்மோனியம் வேறு ஊர், எல்லோரும் கொட்டகைக்குப் பின்னால் அரிதாரம் பூசும்போதுதான் முகத்தைப் பார்த்துக்கொள்வோம், அண்ணே சாப்பிட்டீகளா, அக்கா சாப்பிட்டீகளா, அவ்வளவுதான் ஒத்திகை. கதை எல்லோருக்கும் தெரியும். பரண்மேல் நின்று தினை காக்கும் குறத்தி நான், கீழே முனிவர் வேஷத்தில் வந்து நிற்பவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியாது, நான் என்ன சொல்வேன் என்று அவருக்குத் தெரியாது. பாட்டாகக் கேட்பார், வசனமாகக் கேட்பார், ஒரு மூச்சு நேரத்துக்குள் பதில் வர வேண்டும், வராவிட்டால் தோல்வி, ஊரே பார்க்கும். அம்மாவுக்குத் தொண்டை கட்டிப்போன ஒரு நாள், வேறு ஆள் கிடைக்காமல் என்னை ஏற்றிவிட்டார்கள். லீவில் வீட்டில் இருந்தேன், பாட்டெல்லாம் காதில் ஊறிப்போயிருந்தது. முனிவராக வந்தவர் மணவாளன் அண்ணன், பெரிய வாதாட்டக்காரர். என்னைச் சோதிக்கிறார் போல, கதையை விட்டு வெளியே வந்து, "காலேஜ்ல படிக்கிற பொண்ணாமே, காட்டுல எதுக்கம்மா காவலுக்கு நிக்கிற" என்றார். கூட்டம் சிரித்தது. காலடியில் மூங்கில் பரண் கிறீச்சிட்டதுகூட நினைவிருக்கிறது, ஆனால் வாய் தானாகத் திறந்தது. "படிச்சு முடிச்சுட்டு சும்மா நிக்கிறவுக ஊருல நெறையப் பேரு சாமி, நான் தினையவாச்சும் காக்குறேன்." விசில் அடங்க நேரமாயிற்று. அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார், அது வேஷத்தில் இல்லாத கும்பிடு. நான் இதை அழகாக்கிச் சொல்லக்கூடாது. முன்வரிசையில் இருந்தவர்கள் கேட்டதெல்லாம் அப்படிப்பட்ட கேள்விகள் இல்லை. பபூன் என் இடுப்பைப் பற்றி ஒரு வரி பாடினார், அதற்கும் பதில் சொல்லத்தான் வேண்டியிருந்தது, சிரித்துக்கொண்டே. காதுக்குப் பின்னால் அரிதாரம் போகாமல் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பேன். வகுப்பில் ஒருத்தன் போனில் அந்த நாடகத்தைப் போட்டுக் காட்டி, நம்ம மரகதமா இது என்று கேட்டான், நான் இல்லை, எங்க அக்கா என்றேன். எனக்கு அக்காவே இல்லை. டிவிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஓடி வந்தவளும் நான்தான். யாரும் என்னைப் பிடித்துக் கொண்டுவந்து இந்தக் கட்டிலில் போடவில்லை. அதை மட்டும் மறந்துவிடக்கூடாது. அரிப்பு கணுக்காலுக்கு இறங்கிவிட்டது. ஒரே அரிப்பு நகர்கிறதா, அது போய் இது வந்ததா.

நேற்று மாமா கூப்பிட்டார். கருப்பையா மாமா, ஆர்மோனியக்காரர், நாடகத்துக்கு ஆள் சேர்த்து அனுப்புகிறவரும் அவர்தான், நான் பிறந்ததிலிருந்து என் அழுகையைக்கூட எந்தக் கட்டையில் அழுகிறேன் என்று சொல்லக்கூடியவர். "வர்ற வெள்ளிக்கிழமை பங்குனித் திருவிழா தாயி. மணவாளன் முனிவரு. எதுக்க நீ நிக்கணும்னு அவரே கேட்டுட்டாரு. இனிமே திலகராணி மக இல்ல, மரகதம்னு போட்டே போஸ்டர் அடிப்போம்" என்றார். யோசிக்கிறேன் மாமா என்றேன். "யோசி. ஆனா நாளைக்கு விளக்கு வைக்கிறதுக்குள்ள சொல்லிப்புடு. போஸ்டர்ல போட்டோவப் போட்டுட்டு ஆள் வரலைன்னா, என்னைய நாடகச் சங்கத்துல நிக்க வச்சுக் கேப்பாக." விளக்கு வைக்கும் நேரம். இப்போது மணி என்ன இருக்கும், ஜன்னலைக் கறுப்புத் துணியால் மறைத்திருக்கிறார்கள், இங்கே எப்போதும் ஆஸ்பத்திரி நேரம்தான். ஜெரால்டு சாரிடம் கேட்டுப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "நீ கோமாவுல இருக்கம்மா. கோமாவுல இருக்கிறவ புதுக்கோட்டையில நின்னு பாடுறத எவனாவது போன்ல எடுத்துப் போட்டான்னா, நம்ம சீரியல் சிரிப்பா சிரிச்சுடும்." அது நியாயம்தான். அவர் சொல்வதெல்லாம் எப்போதும் நியாயமாகவே இருக்கிறது. என் சொந்தக் குரலில் நானே டப்பிங் பேசட்டுமா என்று ஒரு தடவை கேட்டேன், அதற்கும் பார்க்கலாம் என்று நியாயமாகத்தான் சொன்னார், அடுத்த வாரம் மாடிப்படியிலிருந்து விழுந்தேன். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. கதை அப்படிப் போயிருக்கலாம். ஆனால் விழுந்த நாளிலிருந்து அந்தப் பால் குரல்காரிக்கும் வேலை இல்லை, எனக்கும் வாய் இல்லை. விட்டுவிட்டுப் போகலாம், ஆனால் ஒப்பந்தத்தில் என் கையெழுத்து இருக்கிறது. அம்மா இருக்கிறாள். "ஒழுங்காப் படுத்துக் கெடக்குறதுக்கு உனக்கு வலிக்குதா. நான் விடிய விடிய நின்னவ." மருமகள் வைஷாலி கண் விழிக்க வேண்டும் என்று எங்கள் தெருவில் இரண்டு பேர் விளக்குப் போடுகிறார்களாம், அம்மா பெருமையாகச் சொல்கிறாள், அவளும் மூன்றாவது ஆளாகப் போட்டுவிட்டு வந்தாளாம். நான் வெள்ளிக்கிழமைக்குள் சாக வேண்டும் என்று அவளிடம் எப்படிச் சொல்வது.

கட் என்றார். கன்னத்துச் சூடு அணைந்தது. விழுங்கினேன், இரண்டு மூன்று தடவை. கண் திறந்தபோது கஸ்தூரி அக்கா என்மேல் குனிந்து மூடியைத் தூக்கிவிட்டு, அது அழுத்தின கோட்டைப் பஞ்சால் தட்டிக்கொண்டிருந்தார். அவர் மேக்கப் பார்க்கிறவர், என் போன் அவரிடம்தான் இருக்கும். "உங்க ஊர் மாமா ரெண்டு தபா அடிச்சாரு. ஷாட்ல இருக்குன்னேன்." மணி என்னக்கா என்று உதட்டை அசைக்காமல் முனகினேன், பூசின வெளிறல் கலைந்துவிடக்கூடாது. "அஞ்சு தாண்டிடுச்சு." ரமாமணி அம்மா கண்ணீரைத் துடைத்துக்கொண்டு என் கால்மாட்டில் உட்கார்ந்து போர்வைக்கு மேலேயே என் முழங்காலைச் சொறிந்துவிட்டார், கேட்காமலே. "தெரியும்டி. நானும் ஒரு சீரியல்ல ஆறு வாரம் கெடந்தேன். கடைசியில அறிவிப்பே இல்லாம வேற ஆளப் போட்டானுங்க. நான் கோமாவுல இருந்து எழுந்திரிச்சப்ப மூக்கு வேறயா இருந்துச்சு." கஸ்தூரி அக்கா சிரித்து மூடியைக் கீழே போட்டுவிட்டார். நானும் சிரித்தேன், சத்தமில்லாமல். காலையில் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு மேல் ஸ்தாயியில் பாடிப் பார்த்தேன். வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது, ஊதினால் நெருப்புப் பிடிக்காத அடுப்பு மாதிரி. இன்னொரு தடவை முயன்றால் தெரிந்துவிடும், அதனால் முயலவில்லை. தெரிந்துகொள்ளாமல் குழாயை மூடிவிட்டு வந்துவிட்டேன். பேசாமல் கிடந்தால் குரல் போய்விடுமா, யாரைக் கேட்பது, மாமாவைக் கேட்கலாம், கேட்டால் பாடு பார்ப்போம் என்பார். மணவாளன் அண்ணன் எதிரில் பரண்மேல் நின்று வாயைத் திறந்து காற்று மட்டும் வந்தால். ஊரே பார்க்க. அப்படியானால் நான் சாக வேண்டும் என்று வேண்டிக்கொள்வதில் எவ்வளவு உண்மை. வாசல் பக்கம் செருப்புச் சத்தம், வாங்க மேடம் என்று பல குரல்கள், ஒரு சென்ட் வாசனை. சேனல் மேடம் மானிட்டருக்கு முன்னால் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். "எவ்வளவு நாள்தான் ஜெரால்டு இவ இப்படியே கிடப்பா, பாக்குறவங்களுக்கு அலுத்துப் போச்சு" என்றது காதில் விழுந்தது. "இந்தத் தாலாட்டு சீன் எடுத்துடுறேன் மேடம், பாத்துட்டு சொல்லுங்க. முடிச்சுடலாம்னாலும் இதோட முடிச்சுடலாம்." முடிச்சுடலாம். மூடியைப் போட்டார்கள். கண்ணை மூடினேன். அசையாமல் இருந்தால் போதும், ஒரு சீன், நல்ல பொருளாக, கல்லாக, அலுத்துப்போகும்படி கிடந்தால் வெளியே போய்விடலாம்.

மாமியார் மனம் திருந்தி மருமகளுக்குத் தாலாட்டுப் பாடுகிறார். அதையும் சுகுமார் வசனமாகவே, காற்புள்ளியைக்கூட விடாமல் வாசிக்கிறார். "விடிஞ்சாச்சு கண்ணே கமா விழிக்கலாகாதா. வாசல் கோலம் உன்னைத் தேடுது கமா வரலாகாதா." யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ரமாமணி அம்மா என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பாடத் தொடங்கினார். பிறகு வேறு பாடகி பாடி ஒட்டிவிடுவார், இவர் உதட்டுக்குப் பாடினால் போதும், ஆனால் இவர் மனசாரப் பாடுகிறார், அழுதுகொண்டே, உடைந்த குரலில். விடிஞ்சாச்சு கண்ணே. அவர் வயிற்றின் அசைவு என் காதில் படுகிறது, யாராவது மடியில் போட்டுக்கொண்டு எத்தனை நாளாயிற்று, எச்சில் ஊறவில்லை, அரிப்பு இல்லை, இது நன்றாக இருக்கிறது, இப்படியே கிடந்துவிடலாம் போல, அது ஆபத்து. விழிக்கலாகாதா என்ற இடத்தில் இழுக்கிறார். அரை இழுப்பு அதிகம். அடுத்த வரியைத் தாமதமாக எடுக்கிறார். வாசல் கோலம், இல்லை அம்மா, சீக்கிரம், அங்கே இல்லை, முன்னால், மறுபடியும் இழுக்கிறார், அழுகை வரும் இடத்திலெல்லாம் தாளம் வழிகிறது, மூன்றாவது தடவை அந்த இடம் வருகிறது, வருகிறது, என் பற்கள் கூசுகின்றன, யாராவது பிடியுங்களேன், அது விழப்போகிறது. லைட் என் கன்னத்திலிருந்து மெல்ல என் கைக்கு நகர்ந்தது. ஏன் கை சுடுகிறது. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, என் வலது ஆள்காட்டி விரல் கட்டிலின் விளிம்பில் தட்டிக்கொண்டிருக்கிறது. மேடையில் எதிராளி தாளத்தை விட்டுவிட்டால் தொடையோரம் விரலைத் தட்டி மிருதங்கக்காரருக்குக் காட்டுவோம், கூட்டத்துக்குத் தெரியாது, அவருக்கு மட்டும் தெரியும், பிடித்து நிறுத்திவிடுவார். என்னைக் கேட்காமல் விரல் அதைச் செய்திருக்கிறது. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. நிறுத்தினேன். நிறுத்தியதும் தெரிந்துபோயிற்று, ஓடுகிறவன் நின்றால் தெரிவது மாதிரி.

கட் என்று யாரும் சொல்லவில்லை. ஜெரால்டு சாரின் குரல் தாழ்வாக வந்தது. "கண்ணத் திற." திறந்தேன். கட்டிலைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். "யார் சொல்லிச் செஞ்ச?" "யாரும் இல்ல சார். தெரியாம. மன்னிச்சுக்கங்க, இன்னொரு டேக் போயிடலாம், அசையாம இருக்கேன்" என்று மூடிக்குள்ளேயே முனகினேன். எனக்குள் ஒரு பகுதி கெஞ்சியது, இன்னொரு பகுதி, கெடுத்துவிட்டாய், நல்லது, இவளை வைத்து வேலைக்காகாது என்று முடித்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டது. மேடம் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். கண் கலங்கியிருந்தது, உண்மையாகவே. "மாமியார் பாட்டுக்கு மருமக விரல் அசையுது. ஜெரால்டு, எனக்கு சிலிர்த்துடுச்சு. இதுதான் இந்த வாரத்து முடிவு. விரல்ல நிறுத்துங்க." "அப்ப எழுப்பிடலாமா மேடம்?" "எதுக்கு அவசரம். முதல்ல விரல். ரெண்டு மூணு வாரம் விரலை வச்சே ஓட்டலாம். டாக்டர் நம்பக்கூடாது, மாமியார் மட்டும் நம்பணும்." அருமை மேடம் என்றார் சுகுமார். வெள்ளிக்கிழமை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஜெரால்டு சாரே சொன்னார், "வெள்ளிக்கிழமை டாக்டர் ஆர்ட்டிஸ்ட் கிடைப்பாரு, அன்னிக்கே அந்த சீனை எடுத்துடுவோம். வைஷாலி, உனக்கு இனிமே நல்ல காலம்தான்." எல்லோரும் என்னைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தார்கள். நான் என்ன செய்வது, நானும் சிரித்தேன். ரமாமணி அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் காதருகே குனிந்து, "தாளம் போட்டியா?" என்றார். ஆமாம்மா. "எனக்கா?" ஆமாம்மா. கொஞ்சம் யோசித்தார். "அடிப்பாவி, கோமாவுல கெடந்துக்கிட்டு எனக்குத் தாளம் கத்துக் குடுக்குறியா" என்றார், தலையில் செல்லமாக ஒரு தட்டு. கோபமில்லை. "அப்ப அடுத்த டேக்ல நீ போடு, நான் புடிச்சுக்கிறேன்." கேமராவை இறக்கிக் கட்டிலின் விளிம்புக்குக் கொண்டுவந்தார்கள். கண்ணாடிக் குமிழ் என் விரலை முகர்கிற மாதிரி அத்தனை கிட்டத்தில். "முகம் ஃப்ரேம்ல இல்லம்மா" என்றார் ஜெரால்டு சார், உபகாரம் செய்கிற குரலில். "மூடியக் கழட்டிடு. கண்ணத் தொறந்துக்கோ, பேசிக்கோ, என்ன வேணா பண்ணு. கை மட்டும் குடு."

கையைக் கொடுத்தேன். மிச்சமெல்லாம் எனக்கே திரும்பி வந்துவிட்டது, கண், வாய், தொண்டை, எதற்கு என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தேன். மேலே பார்த்தேன், கூரையில் மின்விசிறி இருந்த இடத்தில் கொக்கி மட்டும். கஸ்தூரி அக்கா கட்டிலின் மறுபுறம் வந்து குனிந்தார். "மறுபடி உங்க மாமா. ஒரே அவசரம்ங்கிறாரு. பேசிடு, நான் புடிச்சுக்கிறேன், கைய மட்டும் ஆட்டிடாத." போன் இடது காதில் குளிர்ச்சியாகப் பட்டது. ஆக்ஷன் என்றார்கள். "தாயி, நான்தான். பிரஸ்காரன் போஸ்டர் அடிக்க மெஷின ஓட விட்டுட்டு நிக்கிறான். போட்டோவப் போடவா, வேணாமா? ஒத்த வார்த்தை சொல்லு" என்றார் மாமா, பின்னால் ஏதோ மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வருகிறேன் என்று சொல்லலாம். வரவில்லை என்று சொல்லலாம். சொல்லத் தொடங்கின நேரத்தில் ரமாமணி அம்மா பாடத் தொடங்கினார், என் தலைக்கு மேல், காதுக்கும் போனுக்கும் நடுவில். விடிஞ்சாச்சு கண்ணே. விரல் தட்டியது, அவர் அதைப் பார்த்துப் பார்த்துப் பாடினார், இந்தத் தடவை தாளம் சரியாக நின்றது, ஆனால் குரல் உடைந்து, மேலே ஏற முடியாமல், பாதி காற்றாக. போனில் மாமா பேச்சை நிறுத்திவிட்டார். அவர் கேட்கிறார். நாற்பது வருஷம் ஆர்மோனியத்தில் கை வைத்தவர் ஒரு பாட்டைக் கேட்கும்போது எப்படித் தலையைச் சாய்ப்பார் என்று எனக்குத் தெரியும். இரண்டு வரி முடியும்வரை கேட்டார். "தாளம் உன் தாளந்தான்" என்றார் மெதுவாக. "ஆனா தொண்டை இப்புடிப் போச்சா தாயி. அங்க பாடவே விடலையா ஒன்னைய." அது நானில்லை மாமா. இதோ நாக்கின் மேல் இருக்கிறது, மூன்றே வார்த்தை. சொன்னால் அப்படியா, அப்ப நீ பாடு என்பார். குளியலறைக் குழாய். வெள்ளிக்கிழமை டாக்டர். தெருவில் விளக்குப் போடுகிறவர்கள். வாய் திறந்துதான் இருக்கிறது, ஒரு மூச்சு நேரம், ஒரு மூச்சுக்குள் வராவிட்டால் தோல்வி, ஊரே பார்க்கும், இங்கே யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் விரலைப் பார்க்கிறார்கள். "சொல்ல முடியாமத்தான் யோசிக்கிறேன்னு சொன்னியாக்கும். நானும் புரியாம நச்சரிச்சுட்டேன். மனசுல வச்சுக்காத. மணப்பாறைப் பொண்ணு ஒண்ணு இருக்கு, அதப் போட்டுக்கிறேன். நீ வெந்நியில உப்புப் போட்டுக் கொப்புளி, பேசாத, குரல அலட்டாத, என்ன." உடனே வைக்கவில்லை. மெஷின் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது, அவர் மூச்சு கேட்டது, நான் ஏதாவது சொல்வேன் என்று இருக்கிறார். வாசல் கோலம் உன்னைத் தேடுது. விரல் தவறவே இல்லை. ஒரு இடத்தில்கூடத் தவறவில்லை. பிறகு மெஷின் சத்தம் நின்று, காதில் ஒன்றும் இல்லை. கட் என்றார்கள், பிரமாதம் என்றார்கள், யாரோ கைதட்டினார்கள். போனை எடுத்துப் பார்த்த கஸ்தூரி அக்கா, வெளியே ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்ததால், கதவருகே போய்க்கொண்டே உரக்கக் கேட்டார். "என்னடி, வச்சுட்டாரா? நீ வாயே தெறக்கல, என்னவாம்?"

"ஆள் கெடைச்சாச்சாம்" என்றேன். அந்த அறையில் என் குரல் அவ்வளவு பெரிதாக விழும் என்று நான் நினைக்கவில்லை. கணீரென்று இருந்தது. கேமராக்காரர் குனிந்தவர் நிமிர்ந்து, யார் பேசியது என்று திரும்பிப் பார்த்தார்.